இலையுதிர்ந்த காடு பட்டுப்போன காடன்று

வெயில் காலத்தில் மொட்டையாக நிற்கும் மத்திய இந்தியக் காட்டின் படத்தைப் பகிர்ந்து, அக்காடு பட்டுப்போய்விட்டது என்று ஒரு பதிவில் குறிப்பிடப்பட்டுள்ளது. அது சரியன்று. மண்ணில் ஈரம் குறையும் மாதங்களில், இலைகள் வழியே ஆவியாகும் நீரை மிச்சப்படுத்தவே தேக்கு முதலான மரங்கள் இலையுதிர்க்கின்றன. புரசும் இலவும் இலையற்ற அந்நாட்களிலேயே செக்கச்செவேலெனப் பூக்கின்றன, பட்ட மரத்தில் அது நடவாது. மடகாஸ்கரின் மேற்குப் பகுதியிலும் மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்திலும் இவ்வகைக் காடுகள் உண்டு.

ஐயமுள்ளவர்கள் இளங்கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கலாம். உயிருள்ள கிளையில் உள்ளே ஈரப்பச்சை தெரியும் (ஒரு கிளை காய்ந்திருப்பதை வைத்து மரத்தையே தீர்மானிக்க வேண்டாம்). நேரில் செல்ல இயலாதோர், இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் அதே இடத்தின் ஏப்ரல், அக்டோபர் மாதக் காட்சிகளை அருகருகே வைத்து ஒப்பிடலாம்.