கெமிக்கல் மைனர், பி.டெக். கெமிக்கலுக்குச் சமமா?

“மெக்கானிக்கல் படிக்கும்போதே கெமிக்கலை மைனராக எடுத்துவிடு, பி.டெக். கெமிக்கலுக்குச் சமம், வாலிநோக்கம் உப்பளமோ மண்டபம் கடற்பாசித் தொழிலோ எங்கும் வேலை” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மைனர் என்றால் முதன்மைப் பட்டத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடத் தொகுப்பு. சமம் இல்லை. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் விதிப்படி மைனருக்குக் கூடுதலாக 18 முதல் 20 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் புள்ளி) தான். பட்டம் மெக்கானிக்கல் என்றுதான் வரும், மைனர் அதோடு ஒட்டிக்கொள்ளும். கெமிக்கல் பட்டம் கேட்கும் வேலை அறிவிப்பில் அது செல்லும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். தகுதி வரியை முதலில் படியுங்கள்.

அதற்காக வீண் என்றும் சொல்லமாட்டேன். உப்பளத்தையே பாருங்கள்: பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும், சுமார் 25 டிகிரி பாமேயில் (நீரின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) உப்பு இறங்கும். 29-ஐ ஒட்டி மிச்ச நீரை வெளியேற்றாவிட்டால் மெக்னீசியம் கலந்து உப்பு கசக்கும். அந்தக் கசப்புநீரில்தான் புரோமினும் இருக்கிறது. எவ்வளவு நீர் விட்டால் எவ்வளவு உப்பு, எவ்வளவு கழிவு? இந்தப் பொருள் வரவு-செலவுக் கணக்குதான் மெட்டீரியல் பேலன்ஸ். கப்பாபைகஸ் என்ற கடற்பாசியைக் காரத்தில் வேகவைத்து, வடித்து, உலர்த்தி கேராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருளை எடுப்பதிலும் ஹீட் டிரான்ஸ்ஃபர் (வெப்பம் கடத்தல்), மாஸ் டிரான்ஸ்ஃபர் (பொருள் கடத்தல்) தான். சரி, எடுப்பதானால் இந்த மூன்று பாடமும் உங்கள் கல்லூரி மைனரில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.