முதலில் கணவனுக்குப் பரிசோதனை

திருமணமான மூன்றாம் ஆண்டில் குழந்தைப்பேறு சிகிச்சைக்காக நாங்கள் மருத்துவமனைக்குப் போனபோது, கோப்பின் மேலுறையில் என் மனைவியின் பெயரை மட்டும் எழுதினார்கள். எனக்கும் அது இயல்பாகவே பட்டது. அடுத்த எட்டு மாதங்கள், மாதவிலக்கின் இரண்டாம் நாள் இரத்தப் பரிசோதனை, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச்., தைராய்டு, புரோலாக்டின் ஆகிய ஹார்மோன் சோதனைகள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன் என்று அவள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டே இருந்தாள். வண்டியில் கொண்டுபோய் விடுவதையே நான் என் பங்காக நினைத்திருந்தேன்.

பிறகு எச்.எஸ்.ஜி. எடுக்கச் சொன்னார்கள். கருப்பை வாய் வழியாக மருந்தைச் செலுத்தி, அது கருக்குழாய்களின் வழியே வயிற்றுக்குள் வழிகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கும் சோதனை அது. மாதவிலக்கு நின்றபின், கருமுட்டை வெளிப்படுவதற்கு முன்னான சில நாட்களுக்குள் செய்ய வேண்டும். வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. அடைப்பு இல்லை.

அதன் பிறகுதான் என் கையில் மூடி போட்ட சிறிய டப்பாவைக் கொடுத்தார்கள். பெயரும் நேரமும் எழுதிய தாள் அதில் ஒட்டியிருந்தது. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்திருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நிபந்தனையே இல்லை. ஊசி இல்லை, வலி இல்லை. விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 40 லட்சம் என்று அறிக்கை வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு காட்டும் கீழ்எல்லை 1 கோடியே 60 லட்சம்.

குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் சேர்ந்தே இருக்கிறது என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அப்படியிருக்க, செலவும் வலியும் மிகக் குறைந்த சோதனையைக் கடைசிக்குத் தள்ளுவதற்கு மருத்துவ நியாயம் எதுவும் இல்லை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். விந்தணு மிகக் குறைந்து, ஆய்வகத்தில் ஒரு விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தி, உருவான கருவைக் கருப்பையில் வைக்கும் இக்சி முறைக்குத்தான் போக வேண்டுமென்றால், குழாய் திறந்திருக்கிறதா என்ற கேள்விக்கே பல சமயங்களில் முன்பிருந்த முக்கியத்துவம் இருக்காது. இருவருக்கும் ஒரே வாரத்தில் சோதனைகளைத் தொடங்கியிருந்தால், அவளுடைய எட்டு மாதங்களில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அந்த மாதங்கள் எவ்வளவு பெரியவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே அறிக்கையை வைத்து மனம் உடைந்துவிட வேண்டாம் என்பதையும் ஆண்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். இடையில் வந்த கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். ஆகவே மறுபடி சோதித்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. எனக்கு இரண்டாவது முறையும் குறைவாகவே வந்தது. விதைப்பையில் இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் வெரிகோசில் இருப்பதும் தெரிந்தது.

ஊரிலிருந்து அம்மா போனில் பேசும்போதெல்லாம், "அவளுக்கு என்னவாம்?" என்றுதான் கேட்பார். அன்று இரவு நானே அழைத்து, "அவளுக்கு ஒன்றுமில்லை அம்மா, குறை எனக்குத்தான்" என்றேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அவகிட்ட போனைக் குடுப்பா" என்றார்.