கயிறு மாற்றுவது நம் வேலை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்த மூன்று நாட்களும் நான் கைப்பேசியில் காற்று வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாடை எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது, தாழ்வு மண்டலம் எந்தப் பக்கம் நகர்கிறது, கூண்டு எப்போது இறங்கும் என்று அரை மணிக்கு ஒருமுறை பார்ப்பதும், அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும், வந்த பதில்களைப் படித்துக் கலங்குவதுமாக அந்த நாட்கள் கழிந்தன. எங்கள் நாட்டுப்படகின் நங்கூரக் கயிறு நைந்திருந்ததும், மாற்றுவதற்காக வாங்கிய புதுக் கயிறு வீட்டுத் திண்ணையிலேயே கிடந்ததும் எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் இரவு கயிறு அறுந்தது. படகு பாறையில் மோதி அதன் முன்பகுதியான அணியம் உடைந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். அப்பா அப்படிச் சொல்லவில்லை. “காத்து அது வேலையப் பாத்துச்சுப்பா. கயிறு மாத்துறது நம்ம வேலை” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நம் வசத்தில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துப் பார்க்கச் சொல்லும் பழைய கிரேக்க மரபான ஸ்டோயிக் தத்துவத்தை நான் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதில் என்னை நிறுத்தி வைத்தவர் எபிக்டெட்டஸ். கி.பி. 50 வாக்கில் இன்றைய துருக்கியிலுள்ள ஹியராபோலிஸில் பிறந்து, ரோமில் அடிமையாக வாழ்ந்து, பின்னர் விடுதலை பெற்றவர், கால் ஊனமுற்றவர். பேரரசர் டொமிஷியன் தத்துவ ஆசிரியர்களை வெளியேற்றியபோது கிரேக்கத்தின் மேற்குக் கரையிலுள்ள நிக்கோபோலிஸுக்குச் சென்று பள்ளி நடத்தினார். ஒரு பக்கம் அயோனியக் கடலும் மறுபக்கம் ஆம்பிரேசிய வளைகுடாவுமாக அமைந்த ஊர் அது. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே வாழும் எங்களுக்கு அந்த இருப்பு புரியும். அவர் தாமாக எதையும் எழுதவில்லை. மாணவர் ஆரியன் எழுதிவைத்த உரைகளே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அவற்றின் முதல் உரையிலேயே, கப்பலேற வேண்டியவர்கள் கரையில் தவிப்போடு உட்கார்ந்து, இப்போது என்ன காற்று அடிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி வருகிறது. வாடை என்கிறார்கள். மேற்குக் காற்று எப்போது வரும் என்கிறார்கள். அது விரும்பும்போது வரும், நண்பா. காற்றுகளைக் கவனிக்கும் பொறுப்பைக் கடவுள் உன்னிடம் கொடுக்கவில்லை என்பது அவருடைய பதில். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இதைப் படித்தபோது, என் கைப்பேசியை யாரோ கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தது போலிருந்தது.

இதைத் தலையெழுத்து என்று சொல்லிக் கைகட்டி நிற்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தத் தத்துவத்தைப் பற்றி இன்று பேசுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இரண்டாம் தொகுதியின் ஐந்தாம் உரையில் எபிக்டெட்டஸ் இதைத் தெளிவாக்குகிறார்: புறப்பொருள்கள் நல்லவையும் அல்ல, கெட்டவையும் அல்ல, ஆனால் அவற்றை நாம் கையாளும் விதத்தில் அலட்சியத்துக்கு இடமே இல்லை. அதே உரையில் கடற்பயணத்தையே உதாரணமாக எடுக்கிறார். மாலுமியையும் ஆட்களையும் புறப்படும் நாளையும் நான் தேர்ந்தெடுக்கலாம். அதன்பின் புயல் வந்தால், என் பங்கை நான் செய்துவிட்டேன். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும் உரிமை முந்தைய வேலைகளை முடித்தவனுக்கு மட்டுமே உண்டு. கறாராகப் பார்த்தால் கயிறுகூட என் வசத்தில் இல்லை. புதுக் கயிறும் அறுபடலாம். அதை மாற்ற வேண்டும் என்ற தீர்மானமும், நாளைக்கு என்று தள்ளிப்போடாத கவனமும் மட்டுமே எனக்குரியவை. அந்த இரண்டிலும் நான் தவறினேன். தேர்வு முடிவுக்காக இணையப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கும் மாணவரும், கடன் கிடைக்குமா என்று ஏங்கியபடியே விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிய ஒரு சான்றிதழை வாங்காமல் விட்டவரும் என்னுடைய திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் எபிக்டெட்டஸோடு நான் உடன்படாத இடமும் உண்டு. துக்கத்தில் அழுபவரைக் கண்டால் அவரோடு பரிவாகப் பேசு, தேவைப்பட்டால் சேர்ந்து புலம்பு, ஆனால் உள்ளுக்குள் புலம்பாதே என்கிறார் அவர். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அதே மரபைச் சேர்ந்த ரோமானியத் தத்துவ ஆசிரியர் செனெகா, நண்பர் அன்னேயஸ் செரீனஸ் இறந்தபோது தாம் அளவு கடந்து அழுததையும், தம்மைவிட இளையவர் தமக்கு முன் இறப்பார் என்று ஒருபோதும் எண்ணிப் பார்க்காததே அதற்குக் காரணம் என்பதையும் இன்னொரு நண்பரான லூசிலியஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். அந்தக் கடிதம் எனக்கு அதிகம் உதவியது. தன் மனத்தைத் திருத்திக்கொள்ள ஒருவர் எடுத்துக்கொள்ளும் மருந்து இந்தத் தத்துவம். இன்னொருவரின் கண்ணீரை நிறுத்தச் சொல்வதற்கான அதிகாரம் அல்ல.

எங்கள் தெருவில் ஒரு அக்காவின் கணவர் கடலில் எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்டார். படகும் போனது. நம் கையில் எதுவுமில்லை, மனதைத் தேற்றிக்கொள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மனு எழுதுவது எங்கள் கையில் இருந்தது; படகின் பதிவுச் சான்று, ஆதார் நகல், உடன் சென்றவர்களின் விவரம் எல்லாம் சேர்த்து அன்று மாலையே எழுதி முடித்தோம். மறுநாள் இருவருமாகப் பேருந்தில் ராமநாதபுரம் சென்று கொடுத்தோம். திரும்பும் வழியில், மண்டபம் தாண்டிப் பாலத்தின் மேல் பேருந்து ஏறியபோது, அக்கா கடலைப் பார்த்து அழுதார். நானும் அழுதேன், உள்ளுக்குள்ளும்தான்.