தொடை இடுக்குத் தமனியில் சீழ் வைத்தால் காலை எடுக்கத்தான் வேண்டுமா?

தொடை இடுக்கு ரத்தக்குழாயில் கிருமி பிடித்தால் பைபாஸே (ரத்தம் போக மாற்றுக் குழாய் வைப்பது) செய்ய முடியாது, காலை எடுப்பதுதான் வழி என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பாதி சரிதான் அண்ணே. சீழ் உள்ள இடத்திலேயே செயற்கைக் குழாய் வைத்தால் அதிலும் கிருமி ஏறும். அதனால்தான் அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள்: இடுப்பெலும்பில் இயற்கையாகவே இருக்கும் ஆப்டுரேட்டர் துளை வழியாகக் குழாயைத் தொடைக்கு இறக்குவது 1960களிலிருந்தே உள்ள முறை. சிலருக்கு அவர்களுடைய சொந்தச் சிரையையே (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) எடுத்து வைப்பதும் உண்டு.

'ஆப்டுரேட்டர் பைபாஸ்' என்று தேடினாலே மருத்துவக் கட்டுரைகள் வரும். களியக்காவிளைப் பக்கம் நாம் எப்படியும் திருவனந்தபுரத்துக்குத்தானே ஓடுகிறோம், சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்) படத்தோடு ஒரு வாஸ்குலர் சர்ஜனிடம் (ரத்தக்குழாய் அறுவை மருத்துவர்) நேராகவே கேளுங்கள். பாதத்தில் சதை ஏற்கெனவே அழுகியிருந்தால் மட்டும் கதை வேறு.