நெறி கட்டிய காய்ச்சலும் சேற்றுப்புண்ணும்

என் பாட்டிக்கு இடது காலில் யானைக்கால் நோய் இருந்தது. அவ்வப்போது தொடை இடுக்கில் நெறி கட்டி, பல் கிட்டும் குளிர்காய்ச்சல் வரும்; முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்து, கை வைத்தால் சுடும். அமாவாசையை ஒட்டி இப்படித்தான் வரும் என்று சொல்லி, தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்போம். ஏற்கெனவே கொதிக்கும் தோலுக்கு மேலும் சூடு வைத்தோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் ஓய்வும் மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக்கும்தான் அப்போது தேவைப்பட்டவை.

அந்தக் காய்ச்சலைப் பெரும்பாலும் நேரடியாகக் கொண்டுவருவது புழு அல்ல, பாக்டீரியா. யானைக்கால் நோய்க்குக் காரணமான, கொசுக்கடி வழியே உடலுக்குள் வரும் ஃபைலேரியா புழு, நிணநீர் நாளங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கி அவற்றை விரித்துச் சிதைத்துவிடுகிறது. நீர் வடிய வழியின்றித் தேங்கும் காலில் கிருமியை எதிர்க்கும் வலுவும் குறைந்துபோவதால், விரலிடுக்கில் உள்ள ஒரு சிறு சேற்றுப்புண்ணே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்குப் போதுமான வாசலாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை தோல் அழன்று அடங்கும்போதும் நாளங்கள் இன்னும் கெடுகின்றன, தோல் இன்னும் தடிக்கிறது, மடிப்புகள் கூடுகின்றன, அந்த மடிப்புகளுக்குள் அடுத்த புண் உண்டாகிறது.

இந்தியாவில் ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கியது. 2004 முதல் நோய் பரவியிருந்த மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை டி.இ.சி. மாத்திரை கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் உள்ள நுண்புழுக்களை அழித்துப் பரவலைத் தடுக்கும் அந்த மாத்திரையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் வீங்கித் தடித்துவிட்ட காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. எங்கள் வீட்டுக்கு மாத்திரையோடு வந்தவர்களில் ஒருவர்கூடப் பாட்டியின் விரலிடுக்கைப் பார்த்ததில்லை. நோயாளியின் பராமரிப்பும் ஒழிப்புத் திட்டத்தின் பாதி என்று உலக சுகாதார நிறுவனமே வகுத்திருக்கும்போது, அந்தப் பாதி ஏன் வாசலோடு நின்றுவிடுகிறது?

தேவைப்படுவது சாதாரண சோப்பும் தண்ணீரும்தான். தினமும் மடிப்பு மடிப்பாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, விரலிடுக்கில் ஈரம் தங்காமல் பார்த்து, புண் இருந்தால் பூஞ்சைக்கான களிம்பு தடவி, இரவில் காலை உயர்த்தி வைக்க வேண்டும். பாட்டியின் கடைசி மூன்று ஆண்டுகளில் அத்தை இதைத்தான் செய்தார். கழுவி முடித்ததும் பழைய வேட்டியைக் கிழித்த துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றியெடுப்பார். கால் சிறுத்துவிடவில்லை, ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் பாட்டிக்கு இரண்டே முறைதான் நெறி கட்டியது.