செத்தும் ஓய்வில்லை

பர்மாவில் எங்கள் மோல்மீனிலிருந்து எதிர்க்கரைத் தீவுக்குப் போக முன்பெல்லாம் படகுதான். 2017இல் பாலம் வந்தது. பெயர் வைப்பதில்தான் வம்பு. ஊர்க்காரர்களான மொன் மக்கள் உள்ளூர்ப் பெயர் கேட்டார்கள். நாடாளுமன்றம், பர்மிய விடுதலைத் தலைவர் பேரில் ‘ஜெனரல் ஆங் சான் பாலம்’ என்று தீர்மானித்தது. ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த மாதமே நடந்த இடைத்தேர்தலில் அந்தத் தீவின் சௌங்சோன் தொகுதியை ஆங் சானின் மகள் சூ கியின் ஆளுங்கட்சி பறிகொடுத்தது. நான் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவன். எனக்கே அன்று வெட்கமாக இருந்தது.

ஆங் சான் 32 வயதில் சுடப்பட்டவர். அதற்குப் பிறகு அவருக்கு இருக்கும் வேலை உயிரோடு இருந்தபோதுகூட இருந்திருக்காது. பண நோட்டில் அச்சடித்தார்கள். 1988இல் ராணுவ ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் மாணவர்கள் அவர் படத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். போதாததற்கு, மகளும் மேடையேறினார். பட்டாளத்துக்கு அந்த முகமே ஆகாமல் போய், புது நோட்டுகளில் சிங்கம் வந்து உட்கார்ந்தது. 2020இல் மகளின் ஆட்சியில் மறுபடியும் ஆயிரம் கியாட் நோட்டுக்குத் திரும்பினார். இத்தனைக்கும் பட்டாளத்தை உருவாக்கியவரே அவர்தான். இருதரப்பும் அப்பா என்று சொல்கிற மனிதர்!

அதைவிடக் கூத்து ஊ தாண்டின் உடல். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்தவர், 1974 நவம்பரில் நியூயார்க்கில் இறந்தார். அப்போது நாட்டை ஆண்ட ஜெனரல் நே வின்னுக்கு அவரைப் பிடிக்காது, அரசு மரியாதை கிடையாது என்றுவிட்டார். விமான நிலையத்துக்குப் போன துணைக் கல்வி அமைச்சரின் பதவி போனது. டிசம்பர் 5 அன்று மாணவர்கள் சவப்பெட்டியை ரங்கூன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1962இல் பட்டாளம் வெடிவைத்துத் தகர்த்த மாணவர் சங்கக் கட்டடம் இருந்த இடத்தில் புதைத்தார்கள். 11ஆம் தேதி விடிவதற்குள் ராணுவம் புகுந்து பெட்டியைத் தோண்டி எடுத்து, ஷ்வேடகோன் புத்தர் கோயில் அடிவாரத்தில் புதைத்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் மாணவர்கள் பக்கம் நிற்போம், நானும்தான். ஆனால் குடும்பத்தார் ஷ்வேடகோன் பக்கமே அடக்கம் செய்ய ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கும் அந்தப் பெட்டி அந்த இடத்தில் வேண்டியிருந்தது.

சரி, நம்மாட்கள் விஷயத்துக்கு வருகிறேன். மோல்மீனிலிருந்து தெற்கே போனால் தம்பூசயாட். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் முடிந்த இடம். அங்கே போர்க் கல்லறையில் 3,149 காமன்வெல்த் வீரர்களும் 621 டச்சுக்காரர்களும் கிடக்கிறார்கள். புல் கத்தரித்தபடி, கல் துடைத்தபடி அவ்வளவு சுத்தம். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் ஓட்டிவந்த தமிழ்க் கூலிகள் பல்லாயிரம் பேர் அதே தண்டவாளத்தில் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். அந்த வரிசையில் அவர்களுக்கு ஒரு கல் இல்லை. எந்த மந்திரியும் மாலையோடு வந்து நான் பார்த்ததில்லை. எதற்கு வருவார்? மலாயாவில் பிழைத்து, காட்டில் செத்தவனை வைத்துப் பர்மாவில் யார் ஓட்டு வாங்குவது?

எங்கள் மாமா ஆடி அமாவாசைக்கு ஆற்றில் எள் இறைக்கும்போது, நம் பெரியவர்கள் பேரெல்லாம் சொல்லி முடித்து, “ரயிலுக்குப் போனவங்களுக்கும்” என்று ஒரு கை கூடுதலாக விடுவார். பேர் ஒன்றும் தெரியாது அவருக்கு.

நாளைக்கே ஏதோ ஒரு கட்சி நாலு ஓட்டுக்காகத் தம்பூசயாட்டில் அவர்களுக்குக் கல் நட வந்தால், இவ்வளவு எழுதிய நான் எதிர்த்து நிற்பேனா? முதல் ஆளாக மாலை வாங்கிக்கொண்டு போனாலும் போவேன்.