ஒரு வாரத்துல திருப்பிக் குடுக்க அது என்ன ஆன்லைன்ல வாங்கின செருப்பா?

ஷெல்டர்ல இருந்து தத்தெடுத்த நாயை ஒரே வாரத்துல திருப்பி விட்டுட்டு ஒருத்தர் போட்ட அந்த போஸ்ட்டைப் பத்தி எதுவும் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். எதைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும், நிறைய பேர் இன்பாக்ஸ்ல ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டீங்க. நேத்து ராத்திரி அதுக்குக் கீழ இருக்கிற கமெண்ட்ஸையெல்லாம் படிச்சேன், அதுக்கு மேல சும்மா இருக்க முடியல.

ஷெல்டர்ல இருந்து ஒரு பெண் நாயைக் கூட்டிட்டுப் போறீங்க. ஃபார்ம்ல கையெழுத்துப் போடறீங்க. கழுத்துல ரிப்பன் கட்டி ஃபோட்டோ எடுத்து எங்க வீட்டுக்குப் புது மெம்பர் வந்தாச்சுன்னு போடறீங்க, எல்லாரும் ஹார்ட் விடறோம், நானும்தான் விட்டேன். ஒரே வாரம். ஒட்டவே மாட்டேங்குது, சாப்பிட மாட்டேங்குது, கட்டிலுக்கு அடியிலயே கெடக்குது, ப்ராப்ளம் நாயை எங்க தலையில கட்டிட்டாங்கன்னு ஒரு பதிவு. நாயை மறுபடி கொண்டுபோய் விட்டாச்சு. கீழ வரிசையா "கரெக்ட் டெசிஷன் ப்ரோ", "இதுக்குத்தான் ப்ரீட் நாய் வாங்கணும்".

ஒரு வாரம்ங்க. வெறும் ஒரு வாரம்.

அந்த நாய் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. சிமெண்ட் தரை, சுத்தி எப்பவும் குலைக்கிற சத்தம், தினமும் ஒரே நேரத்துக்கு வாளியில வர்ற சோறு, ஒட்டிப் படுத்துக்க பக்கத்துல நாலு நாய். அதுக்குத் தெரிஞ்ச உலகமே அவ்ளோதான். அதைத் திடீர்னு கார்ல ஏத்தி, வழுக்கற டைல்ஸ் தரையில இறக்கி விட்டு, குக்கர் விசில், மிக்ஸி, டிவின்னு ஒரு பக்கம், முன்னபின்ன தெரியாத ஆறு பேர் சுத்தி நின்னு செல்ஃபி எடுக்கறது ஒரு பக்கம்னா அது கட்டிலுக்கு அடியில போகாம வேற எங்க போகும்? பயந்த நாய் அப்படித்தான் இருக்கும். நாய் தத்துக் குடுக்கறவங்க எல்லாரும் சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு, மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்னு. மூணு நாள் பயம் குறைய, மூணு வாரம் வீட்டு வழக்கம் புரிய, மூணு மாசம் இது என் வீடுதான்னு நம்ப. அதுவும் குத்துமதிப்பா சொல்றதுதான், சில நாய்க்கு வருஷம் ஆகும்.

எங்க கருப்பிக்கு ஆச்சு. இப்ப என் ப்ரொஃபைல் ஃபோட்டோவுல சிரிச்சிட்டிருக்காளே, அவதான். ஷெல்டர்லயே பொறந்து வளர்ந்தவ, படிக்கட்டுன்னா என்னன்னே தெரியாது. டைல்ஸ்ல காலை வெச்சா நாலு காலும் நாலு பக்கம் போகும், அந்தப் பயத்துலயே வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி போய் உக்காந்துட்டா. அரிசிக்கடையில பழைய சாக்கு வாங்கிட்டு வந்து, வாஷிங் மெஷின்ல இருந்து வாசக்கதவு வரைக்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்ல பாதை மாதிரி போட்டு வெச்சோம். சாக்கு மேல மட்டும்தான் நடப்பா. சாக்கு முடியற எடத்துல ஒரு காலைத் தூக்கிட்டு நின்னுடுவா. சாப்பாடும் தட்டுல இருந்து சாப்பிட மாட்டா. ஒரு வாய் சோத்தைக் கவ்விட்டு சுவரோரம் போய் கீழ போட்டு, கதவைப் பார்த்தபடி அதைத் தின்னுட்டு, மறுபடி வந்து அடுத்த வாய். தயிர்சாதத்தை அப்படி வீடு பூரா இறைச்சா யாருக்குமே எரிச்சல் வரும்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா துடைச்சா போகுது, அதுக்காக ஒரு உயிரைத் திருப்பி விடுவாங்களா?

அவளை வெளிய கொண்டு வந்தது நான் இல்ல, ஏற்கனவே வீட்ல இருந்த மணி. அவனும் ஷெல்டர்ல இருந்து வந்தவன்தான், வயசானவன், ரொம்ப நிதானம். மணி மாடிப்படி ஏறுவான், நாலு படி ஏறிட்டுத் திரும்பி நிப்பான், இவ கீழ நின்னு முனகுவா. அவன் என்ன சொன்னானோ, இவளுக்கு என்ன புரிஞ்சுதோ, ஒருநாள் பின்னாடியே ஏறிட்டா. எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் இடம் குடுத்தா. தலைவலின்னு லீவு போட்டுட்டு ஹால்ல பாய் விரிச்சுப் படுத்திருந்தேன், முதுகுல கதகதன்னு ஏதோ ஒட்டுது. திரும்பிப் பார்த்தா எந்திரிச்சு ஓடிடுவாளோன்னு அசையாம கெடந்தேன், கையெல்லாம் மரத்துப்போச்சு. அதுவரைக்கும் அவ என்னைத் தொட்டதே கிடையாது. இதை எந்த ரிப்பன் கட்டி ஃபோட்டோ எடுப்பீங்க?

உடனே வருவாங்க, "மேடம், குழந்தையைப் பார்த்து உறுமுச்சாம், கடிச்சிருந்தா நீங்க வருவீங்களா?"ன்னு. அவர் பதிவை நல்லாப் படிங்க. சாப்பிடற நாயோட தட்டுல குழந்தை கையை விட்டிருக்கு, உறுமியிருக்கு. உறுமறதுன்னா "வேண்டாம், தள்ளிப் போ"ன்னு வாய்விட்டுச் சொல்றது. சொல்லிட்டு நிறுத்தியிருக்கே, கடிக்கலையே! உறுமினதுக்கு அடிச்சா அடுத்த தடவை உறுமாம நேரா கடிக்கும். நாய் சாப்பிடறப்ப, தூங்கறப்ப கிட்ட போகாதேன்னு குழந்தைக்குச் சொல்லித் தர்றது பெத்தவங்க வேலை, நாயோட வேலை இல்ல.

ரேபிஸ் பத்திக் கேட்டா நான் சண்டைக்கு வர மாட்டேன், அது உண்மையான பயம். அறிகுறி வந்துட்டா காப்பாத்த முடியாது. அதனாலதான் கடிச்சாலோ பிராண்டினாலோ உடனே சோப்பு போட்டு ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு ஊசிக்கு ஓடுங்கன்னு நாங்க கத்திட்டே இருக்கோம். ஆனா இந்த நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டாச்சு, கருத்தடையும் பண்ணியாச்சு. காதுல ஒரு வெட்டு இருக்கே, அதைப் பார்த்துட்டு ஒருத்தர் சண்டைபோட்டுக் காது கிழிஞ்ச நாய்னு எழுதியிருக்காரு. அது கருத்தடை பண்ணியாச்சுங்கறதுக்கு வெட்டற அடையாளம் சார். சென்னையில 1964லயே ப்ளூ கிராஸ் தெருநாய்க்குக் கருத்தடை பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, இத்தனை வருஷம் கழிச்சும் அந்த வெட்டு எதுக்குன்னு கூட நமக்குத் தெரியல.

ப்ரீட் வாங்கச் சொல்றவங்க ஒருநாள் ஷெல்டருக்கு வாங்க. அங்க லேப்ரடார் இருக்கு, பீகிள் இருக்கு, சென்னை வெயில்ல மூச்சு வாங்கிட்டிருக்கிற ஹஸ்கி இருக்கு. எல்லாம் காசு குடுத்து வாங்கினவங்க விட்டுட்டுப் போனதுதான்.

எனக்கு நிஜமா ஆத்தாமையா இருக்கிறது வேற. 2025 ஆகஸ்ட் 11 அன்னிக்கு டெல்லித் தெருநாயையெல்லாம் பிடிச்சு ஷெல்டர்ல போடணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னப்ப, இதே ஆளுங்கதான் இங்கயும் அப்படிப் பண்ணணும், எல்லாத்தையும் ஷெல்டர்ல போடுங்கன்னு குதிச்சாங்க. 22ஆம் தேதியே கோர்ட் அதை மாத்துச்சு. ரேபிஸ் இருக்கிற நாய், மூர்க்கமா இருக்கிற நாய் தவிர மத்ததைக் கருத்தடை பண்ணி ஊசி போட்டுப் பிடிச்ச எடத்துலயே விடணும்னு சொன்னாங்க. சரி, அதை விடுங்க. ஷெல்டர்ல போடுன்னு சொல்றீங்க, அங்க இருந்து ஒருத்தர் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா அது டிஃபெக்ட் பீஸ்னு சொல்றீங்க, அபார்ட்மெண்ட்ல கொண்டு வந்தா லிஃப்ட்ல ஏத்தாதேங்கறீங்க. அப்படித் தடை போட அசோசியேஷனுக்கு உரிமை இல்லைன்னு விலங்கு நல வாரியம் 2015லயே சொல்லியாச்சு. தெருவுலயும் கூடாது, வீட்லயும் கூடாது, அப்ப அது எங்கதான் போகும்?

இதெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். என் பழைய பதிவோட லிங்க்கைப் போட்டு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, "குழந்தை இல்லாதவங்களுக்கு நாய்தான் குழந்தை, இவங்க பேச்சையெல்லாம் குடும்பஸ்தங்க கேக்க முடியுமா"ன்னு. அதுக்கு எழுபது லைக். அதுல என் வீட்ல உக்காந்து காபி குடிச்சவங்க மூணு பேர். அம்மா, எனக்குக் குழந்தை இல்லைங்கறது எனக்கு நீங்க சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. கருப்பியை நான் குழந்தைன்னு சொன்னதும் இல்ல. அவ நாய், நான் அவளுக்கு யாருன்னு அவளுக்குத் தெரியும், அது எங்களுக்குப் போதும். மணி போன மாசம் செத்துப்போனப்ப ஒரு பகல் முழுக்க அவ அவனோட சாக்கை விட்டு எந்திரிக்கல. நான் அவ பக்கத்துல உக்காந்திருந்தேன். அன்னிக்கு நாங்க யாருக்கு யார் பதில்னு ரெண்டு பேருமே யோசிக்கல. உங்களுக்கு இது புரிய வேண்டாம், ஆனா அதை வெச்சு என்னைக் குத்தாதீங்க. வலிக்குது.

அந்த எழுபது பேரையும் அன்ஃப்ரெண்ட் பண்ணல, பண்ணவும் மாட்டேன். படிக்கட்டும்.

அந்த நாயைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். திரும்பி வந்ததுல இருந்து கூண்டோட பின்பக்கச் சுவரைப் பார்த்தே உக்காந்திருக்கா. ரத்தம் எடுத்துப் பார்த்ததுல டிக் ஃபீவர், அதான் உண்ணிக் காய்ச்சல், ப்ளேட்லெட் கம்மி. "சாப்பிட மாட்டேங்குது"ன்னு எழுதினீங்களே, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். மாத்திரை ஓடிட்டிருக்கு, வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுக்கறா, அதனால யாராவது பக்கத்துல உக்காந்து முதல்ல ரெண்டு வாய் ஊட்டணும். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் யாராவது ஒரு மாசம் ஃபாஸ்டர் பண்ண, அதாவது தற்காலிகமா வீட்ல வெச்சுப் பார்த்துக்க முடிஞ்சா இன்பாக்ஸ் வாங்க. மருந்துச் செலவு நான் பார்த்துக்கறேன். வீட்ல நிதானமான பெரிய நாய் ஒண்ணு இருந்தா ரொம்ப நல்லது. வீட்டை வந்து பார்த்துட்டுத்தான் குடுப்போம், நாலு கேள்வி கேப்போம், கோவிச்சுக்காதீங்க. சாக்கு என்கிட்டயே நிறைய இருக்கு, வர்றப்ப எடுத்துட்டு வந்துடறேன்.